பெரியப்பா வந்தாரா? மூன்று பாகக் குடும்பக் கதையின் கடைசி நாவல் பற்றி

பர்மாவில் பெகுவில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டது இது: "ஈரோட்டு மஞ்சள் மண்டிக் குடும்பத்தை வைத்து வந்த மூன்று பாகக் காதல் கதையின் கடைசி நாவலை நானும் அம்மாவும் படித்து முடித்தோம். நான் அழுதுகொண்டே முடித்தேன். அம்மாவோ 'இப்படியா முடிப்பார்கள்' என்று கோபப்பட்டு, இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. படித்த மற்றவர்களும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். ஒரே கதைக்கு ஏன் இத்தனை விதமான மனசு? முடிவு நல்ல முடிவா இல்லையா?"

அம்மாவின் கோபமும் சரி, உங்கள் அழுகையும் சரி. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு இடங்களில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள். கதையின் பெயரை நான் எழுதப் போவதில்லை, எங்களிலேயே இன்னும் படித்து முடிக்காதவர்கள் உண்டு.

ரங்கூனில் என் வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. முப்பது வருஷமாக இரவல் கொடுத்து வாங்குகிறேன். சென்னைக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியில் புடவைக்கும் ஊறுகாய்க்கும் நடுவே வந்து சேர்ந்தவைதான் பெரும்பாலும். அதிகம் கை மாறியது குடும்ப நாவல்கள். பாக்கெட் நாவல் அளவில், பழுப்புத் தாளில், அட்டை கிழிந்து, நான் பசை போட்டு ஒட்டியவை.

இங்கே தமிழ் பேசுகிறவர் எல்லோருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு பிறந்தவர்களுக்கு, கோவிலில் நடக்கும் தமிழ் வகுப்பும் வீட்டில் அம்மா எழுதிப்போட்ட அகர வரிசையும்தான் பள்ளிக்கூடம். அதனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வாசிப்பேன், எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். இந்த மூன்று பாகத்தையும் அப்படித்தான் முடித்தோம். ஆகவே இந்தக் கதைக்கு வாசகர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் எங்கேயும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. கேட்டவர்களின் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டே வாசித்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள். பாகத்துக்கு ஒருவர் கல்யாணம். முதல் பாகத்தில் மூத்தவன் தாத்தாவின் வார்த்தைக்காகத் தாலி கட்டிவிட்டு, இரண்டு வருஷம் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு அவளிடமே சரணடைகிறான். இரண்டாம் பாகத்தில் நடுவிலவள், குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டவனையே விரும்புகிறாள். மூன்றாம் பாகம் கடைக்குட்டிக்கும் அவன் அத்தை மகளுக்கும். கடைசியில் பிரிந்திருந்த எல்லோரும் பழைய வீட்டில் கூடுகிறார்கள், முற்றத்தில் இலை போடுகிறார்கள், அப்பத்தா சாவிக்கொத்தைக் கடைசி மருமகளின் இடுப்பில் செருகுகிறாள்.

நீங்கள் அழுத இடம் அந்தச் சாவிக்கொத்து என்றால், நானும் அங்கேதான் தொண்டை அடைத்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் நன்றாக எழுதப்பட்ட பக்கம். கிழவி ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியில் ஒன்று மட்டும் துருப்பிடித்திருக்கிறது. அது எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை, இருந்தாலும் கொத்தோடு இருக்கிறது. மூன்று நாவல் படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் பக்கம் அது. முதல் பாகத்தில் அதே கிழவி அதே சாவியை மூத்த மருமகளுக்குத் தர மறுத்திருந்தாள்.

இப்போது கோபங்களுக்கு வருவோம்.

எங்களில் சின்னவர்கள், இருபது முப்பது வயதுக்காரர்கள், சொன்ன முதல் குறை: கடைக்குட்டி ஜோடிக்கு இடமே இல்லை. பாதிக் கதை அண்ணன் பிள்ளைகளின் குறும்பிலும், அக்காளின் வளைகாப்பிலும் போய்விட்டது. நாயகனும் நாயகியும் தனியாகப் பேசும் முதல் காட்சிக்கே ஒன்பது அத்தியாயம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் குறை நியாயம்தான், ஆனால் இதற்கு எழுதியவரை மட்டும் சொல்ல முடியாது. இந்த மாதிரிக் கதைகள் இப்போது முதலில் இணையத்தில் தொடராக வருகின்றன. வாரத்துக்கு இரண்டு எபி, மூன்று எபி, அதாவது அத்தியாயம். ஒவ்வொரு யூடி, அதாவது புதுப் பகுதி, வந்த பிறகும் வாசகிகள் எழுதுவார்கள்: "மூத்தவனும் அவளும் எங்கே? அவர்களுக்கு ஒரு காட்சி வையுங்கள்." முதல் பாகத்து ஜோடி மேல் உள்ள பாசம் மூன்றாம் பாகத்து ஜோடியின் இடத்தைத் தின்றுவிடுகிறது. கேட்டு வாங்கியவர்களே பிறகு இடம் போதவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். இரண்டும் உண்மையான ஆசைகள், ஒரே நாவலுக்குள் இரண்டையும் வைக்க இடமில்லை.

இரண்டாவது கோபம் எனக்கும் உண்டு. முதல் பாகத்தில் "என்னிடம் பேசாதவருக்கு நான் ஏன் காபி ஆற்ற வேண்டும்" என்று டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு மண்டிக்குக் கணக்கு எழுதப் போனவள் மூத்த மருமகள். அந்த டம்ளருக்காகத்தான் நாங்கள் அந்த நாவலை நேசித்தோம். மூன்றாம் பாகத்தில் அவள் வரும் இடங்களைத் திருப்பிப் பார்த்தேன். காபி கொண்டுவருகிறாள், பிள்ளையை அதட்டுகிறாள், சிரிக்கிறாள். கணக்குப் புத்தகம் எங்கே போனது? ஒரு வரி போதும், "அண்ணி மண்டியிலிருந்து வர இருட்டிவிட்டது" என்று. அந்த ஒரு வரி இல்லை. நாயகியாக இருந்தவள் அண்ணி ஆனதும் அவளுடைய வாழ்க்கை நின்றுபோனதாக எழுதுவது தொடர்கதை எழுதுகிறவர்களில் பலர் செய்யும் தவறு. கல்யாணத்துக்குப் பிறகும் ஒருத்திக்குக் கதை உண்டு என்று முதல் பாகத்தில் எழுதியவரே கடைசியில் அதை மறந்தது எனக்கு வலித்தது.

கதையில் பிள்ளைகளின் அப்பாவுக்கு வரும் நெஞ்சுவலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் சமாதானமாவது குறுக்குவழி. அதை யாரும் நம்பவில்லை, அழுதவர்களும்கூட.

உங்கள் அம்மாவின் கோபம் இதில் எதுவுமாக இல்லாமல் இருக்கலாம். கோபத்தில் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பேசாமல் இருக்கிறவர்களின் கோபம் வேறு. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

முதல் பாகம் ஏழாம் அத்தியாயத்தில் பெரியப்பா வீட்டைவிட்டுப் போகிறாரே, நினைவிருக்கிறதா? யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு மண்டிக்குக் கடன் வந்துவிடுகிறது. தம்பி, அதாவது பிள்ளைகளின் அப்பா, "இனி இந்த வாசல்படி ஏறாதே" என்கிறார். விடியற்காலைப் பஸ்ஸுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு போகிறார் பெரியப்பா. குடை மட்டும் திண்ணை ஆணியில் தொங்குகிறது. இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு இடத்தில் மூத்த மருமகள் ஒட்டடை அடிக்கும்போது அந்தக் குடையைத் தொட்டுவிட்டு, எடுக்காமல், சுற்றிலும் மட்டும் தட்டுகிறாள். மூன்றாம் பாகத்தில் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஆணியும் இல்லை, குடையும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தொடராகப் படித்தவர்களில் பலருக்கு இது தெரிந்தே இருக்காது. அவர்களுக்கு முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்துக்கும் கடைசி எபிக்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி. நாங்கள் மூன்றையும் தொடர்ந்து, வரி விடாமல், சத்தமாக வாசித்துக் கேட்டவர்கள். கண்ணால் படிக்கும்போது தாவிவிடும் குடை, காதால் கேட்கும்போது தாவாது. இன்னொன்று, 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே ஃபேஸ்புக் தடையில் இருக்கிறது. விபிஎன் போட்டு உள்ளே போகிறவர்கள் உண்டு, எங்கள் பெண்கள் அதற்கெல்லாம் போவதில்லை. இந்தியாவில் மற்ற வாசகிகள் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே கேட்டார்கள். யாருடைய மனசும் இவர்களுடையதில் கலக்கவில்லை.

கடைசி அத்தியாயம் வாசித்த ஞாயிறு கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கு ஒன்றை ஸ்டூல் மேல் வைத்து வாசித்தேன். எங்கள் தெருவிலேயே மூத்தவரான பெரியம்மா ஒருவர் எப்போதும்போல் சுவரில் சாய்ந்து, முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிறவர். பந்தியில் இலை போடும் காட்சி வந்தது. யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று கதையாசிரியர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறார். சித்தி, சித்தப்பா, அத்தை, வழக்குப் போட்ட மாப்பிள்ளை, அவருடைய அம்மா. பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்துகிறார். சாவிக்கொத்து வந்து எல்லோரும் மூக்கை உறிஞ்சும்போதும் அவர் அழவில்லை. நான் புத்தகத்தை மூடிய பிறகு கேட்டார்:

"பெரியவர் வந்தாரா, இல்லையா?"

"அதைப் பற்றி எழுதவில்லை, பெரியம்மா."

"செத்துப்போனார்னாவது எழுதியிருக்கலாமே."

மொச்சையைத் தோலோடு முறத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தேயிலைச் சாலட் கலந்து வைத்திருந்தேன், தொடவில்லை.

அவருடைய அண்ணன் 1965இல் கப்பலேறியவர். 1964 மார்ச்சில் கடைகளை இங்கே அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதன் பிறகு லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கிளம்பினார்கள். பணமும் நகையும் கொண்டுபோகக் கட்டுப்பாடு. அண்ணன் தம்பிக்குள்ளேயே "போகலாம்", "இருக்கலாம்" என்று சண்டை. பெரியம்மாவின் வீட்டில் அப்பா இருந்துவிட்டார், அண்ணன் கோபித்துக்கொண்டு போனார். சென்னையிலிருந்து நான்கு கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில் வேறு ஊருக்குப் போவதாக எழுதியிருந்தது, ஊர்ப் பெயர் இல்லை. அந்த நான்கும் இன்னும் ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி அவரிடம் இருக்கின்றன. இங்கே ரங்கூனில் எந்தத் தமிழ் வீட்டைத் தட்டினாலும் இப்படி ஒரு ஆள் இருப்பார். அந்தப் பக்கம் சென்னை பர்மா பஜாரிலும் திருச்சி பர்மா காலனியிலும் இதே கதையை மறுகரையிலிருந்து சொல்லுகிறவர்கள் இருப்பார்கள்.

ஈரோட்டில் நடக்கும் கதையில் ஒரு துணைப் பாத்திரம் அந்தப் பெரியப்பா. எழுதியவருக்கு அவர் கதையை நகர்த்த ஒரு காரணம், அவ்வளவுதான். எங்கள் பெரியம்மாவுக்கு மூன்று நாவலும் அவர் திரும்பி வருவதற்காகத்தான் நடந்தது. ஒருத்தி ஜோடிக்காகப் படிக்கிறாள், ஒருத்தி மாமியாருக்காக, ஒருத்தி வெளியே போனவருக்காக. முதல் இரண்டு பாகம் முடியும்போது இந்த வித்தியாசம் வெளியே தெரியாது, ஏனென்றால் அடுத்த பாகம் இருக்கிறது, காத்திருக்கலாம். கடைசிப் பாகம் முடியும்போதுதான் எல்லோரும் ஒரே சமயத்தில் தாங்கள் யாருக்காகக் காத்திருந்தோம் என்பதைக் காட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்ட "ஏன் இத்தனை விதமான மனசு" என்பதற்கு என் பதில் இதுதான்.

அப்படியானால் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாதே என்பீர்கள். முடியாது. ஆனால் கடைசிப் பாகத்துக்கு ஒரு கடமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சந்தோஷமாக முடிப்பது அந்தக் கடமை அல்ல. கணக்கு ஒப்படைப்பதுதான். கதைக்குள் பெயர் சொல்லி அழைத்துவந்த ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று சொல்லிவிட வேண்டும்.

இதில் நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரமும் மூன்று பாகக் குடும்பக் கதைதான். புகார்க் காண்டம் 10 காதை, மதுரைக் காண்டம் 13, வஞ்சிக் காண்டம் 7. படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் இரண்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். மூன்றாவது என்றால் "அது சேரன் செங்குட்டுவன் வடக்கே போய் இமயத்தில் கல் எடுத்து வந்த கதை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கண்ணகி அந்தக் காண்டத்தின் முதல் காதையிலேயே வானுலகம் போய்விடுகிறாள், பிறகு என்ன கதை என்பது அவர்கள் எண்ணம். நானும் பள்ளி வயதில் அப்படித்தான் நினைத்தேன். அம்மா வாசித்துக் காட்டும்போது அந்தக் காண்டம் வந்தால் தூங்கிவிடுவேன்.

இப்போது எனக்கு மூன்று காண்டத்திலும் அதிகம் பிடித்தது அதில் வரும் நீர்ப்படைக் காதை. கங்கைக் கரையில் மாடல மறையோன் வந்து செங்குட்டுவனிடம் சொல்லுகிறான். கோவலன் இறந்த செய்தி கேட்டு அவன் தாய் உயிர்விட்டாள். தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவிகளோடு சேர்ந்தார். கண்ணகியின் தாயும் இறந்தாள், தந்தை மாநாய்கன் ஆசீவகத் துறவிகளிடம் போனார். மாதவி துறவு பூண்டு மகள் மணிமேகலையையும் அந்த வழியில் விட்டாள். மதுரைக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர் துறந்தார். கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரி தீயில் பாய்ந்தாள். அதோடும் விடவில்லை. வாழ்த்துக் காதையில் கண்ணகியை வளர்த்த செவிலியும், தோழியும், தேவந்தியும், மாதரியின் மகள் ஐயையும் வஞ்சிக்கு வந்து அழுகிறார்கள். பால் கொடுத்தவள், கூட விளையாடியவள், ஒரு சில நாள் வீட்டில் இடம் கொடுத்தவளின் பிள்ளை வரை, ஒருவரையும் இளங்கோ தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை. இதில் ஒரு முடிவும் சந்தோஷமானது இல்லை. ஆனால் எங்கள் பெரியம்மா கேட்ட கேள்விக்கு அங்கே இடமே இல்லை. "செத்துப்போனார்னாவது" என்று அவர் கேட்டாரே, அந்த அளவு மரியாதையை இளங்கோ எல்லோருக்கும் செய்திருக்கிறார்.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஜான் கால்ஸ்வொர்த்தி எழுதிய ஃபோர்சைட் குடும்பக் கதை, 1906, 1920, 1921 என்று மூன்று நாவல். மூன்றாவதில் ஃப்ளோர் என்ற பெண்ணும் ஜான் என்ற பையனும் விரும்புகிறார்கள். அவள் அப்பாவும் அவன் அம்மாவும் ஒரு காலத்தில் கணவன் மனைவியாக இருந்து, கசந்து பிரிந்தவர்கள். அந்தப் பழைய காயம் பிள்ளைகளின் காதலை முறித்துவிடுகிறது. ஜோடி சேரவில்லை, ஆனாலும் படித்து முடிக்கும்போது ஏமாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய தலைமுறையில் மிஞ்சியிருந்த கடைசிக் கிழவர் டிமோத்தி, கதையில் பெரும்பாலும் மாடியறையில் கிடக்கிறவர், அவர் சாவுக்கும் அடக்கத்துக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் கதை அதோடும் நிற்கவில்லை. 1924இலிருந்து 1928க்குள் இன்னும் மூன்று நாவல் எழுதினார்.

நேர் எதிர்த் திசையில் கம்பரும் இருக்கிறார். பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை அவர் பாடவில்லை. தமிழில் அது ஒட்டக்கூத்தர் பெயரில் தனியாக நிற்கிறது. சந்தோஷமான இடத்தில் நிறுத்துவதும் ஒரு கலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படி நிறுத்துகிறவரும் வந்தவர்களுக்கெல்லாம் விடை கொடுத்துத்தான் நிறுத்துகிறார். பட்டாபிஷேகம் முடிந்து சுக்கிரீவனும், விபீடணனும், குகனும் பரிசு பெற்று அவரவர் ஊருக்குப் போகிறார்கள். விடைகொடுத்த படலம் என்றே அதற்குப் பெயர்.

ஆகவே, முடிவு நல்ல முடிவா என்று நீங்கள் கேட்டதற்கு என் தீர்ப்பு: சாவிக்கொத்து வரைக்கும் நல்ல நாவல், பந்தி வரிசையில் ஒரு இலை குறைகிற நாவல். ஒரு இலையைப் போட்டு, ஆள் இல்லாமல் வெறுமனே விட்டிருந்தாலும் போதும், எங்கள் பெரியம்மா அதை ஏற்றுக்கொண்டிருப்பார். அச்சுப் புத்தகத்தில் சேர்த்திருக்கும் எபிலாக்கில், அதாவது பின்கதையில், மூத்தவன் மகளின் பூப்பு நன்னீராட்டு விழாவுக்கு நான்கு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நான்கு பக்கத்தில் அரைப் பக்கம் எடுத்திருக்கலாம்.

உங்கள் அம்மாவிடம் முடிவைப் பற்றிக் கேட்காதீர்கள். பந்தியில் யார் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பெயர் நாவலில் இருப்பதாகவும் இருக்கலாம், உங்கள் வீட்டில் இருந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் அழுததை அதற்காக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பெரியம்மா மூன்று வாரம் வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தார், முறத்தோடு. வேறு புத்தகம் எடுத்து வைத்திருந்தேன். "அது வேண்டாம், முதல் பாகத்தையே திரும்ப வாசி" என்றார். ரீரன், அதாவது முடிந்த கதையை மறுபடி, கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் இவர் ஒரு நிபந்தனை போட்டார்: ஆறாம் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதுவரைக்கும் பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறார். மண்டியில் மஞ்சள் முறித்துப் பார்த்து விலை சொல்லுகிறார், தம்பி பிள்ளைகளுக்கு வேர்க்கடலை வாங்கி வருகிறார், மழை வந்தால் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறார். மற்றவர்களும் சரி என்றுவிட்டார்கள். இப்போது நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறோம். வரும் ஞாயிறு கரண்ட் இருந்தால் நான்கு மணிக்கு, இல்லையென்றால் வெளிச்சம் இருக்கும்போதே இரண்டரைக்கு.